டவர் ஒரு கோடுதான்: மலையடிவார வகுப்பறையில் எந்தச் செயலி ஓடும்?

கேள்வி: வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் நடுநிலைப் பள்ளியில் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். வகுப்புக்கு 38 பிள்ளைகள். பிள்ளைகளிடம் போன் கிடையாது. என் போன் ஒன்றுதான். பள்ளியில் ஒரு புரொஜக்டரும் பழைய லேப்டாப்பும் உண்டு. வகுப்பறைக்குள் டவர் ஒரு கோடு, மழை வந்தால் அதுவும் போய்விடும். பயிற்சியில் காட்டிய செயலிகள் இங்கே வந்ததும் சுற்றிக்கொண்டே நிற்கின்றன. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

பதில்: செயலி நல்லதா கெட்டதா என்பதைப் பிறகு பார்க்கலாம். அதற்கு எப்போது நெட் வேண்டும் என்பதை முதலில் பாருங்கள். சிலவற்றுக்கு ஒருமுறை இறக்க மட்டும் நெட் போதும், பிறகு வேண்டாம். சிலவற்றுக்கு உங்கள் ஒரு போனில் மட்டும் கொஞ்சம் நெட் இருந்தால் போதும். கஹூட் போன்ற வினாடி வினாச் செயலிகள் ஒவ்வொரு பிள்ளை கையிலும் போனையும் நெட்டையும் எதிர்பார்ப்பவை. இந்தக் கடைசி வகையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒடுகத்தூருக்கோ வேலூருக்கோ வரும்போதோ, இரவில் வீட்டிலோ இறக்கிக்கொண்டு, வகுப்பில் நெட்டை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. முந்தின நாள் மாலையே போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மறுநாள் பாடத்தை ஒருமுறை முழுக்க ஓட்டிவிடுங்கள். அங்கே ஓடினால் வகுப்பிலும் ஓடும்.

உங்கள் நிலைமைக்கு அதிகப் பலன் தரக்கூடியது, வகுப்பு முழுவதன் விடைகளையும் ஒரே போனில் சேர்க்கும் பிளிக்கர்ஸ் செயலி. பிள்ளைகள் கையில் காகித அட்டை, உங்கள் கையில் போன், அவ்வளவுதான். ஒவ்வொரு அட்டையிலும் ஓர் எண்ணும், அந்த எண்ணுக்கே உரிய கறுப்புக் கட்ட வடிவமும் இருக்கும். நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. எந்த எழுத்து மேலே வருமாறு பிடிக்கிறார்களோ அதுதான் விடை. அட்டைக்கு அட்டை வடிவம் வேறு என்பதால் பக்கத்துப் பையன் அட்டையைத் திருப்பிய விதத்தைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது.

கணினியில் பிளிக்கர்ஸ் கணக்குத் தொடங்கி, வகுப்பை உருவாக்கி, வருகைப்பதிவேட்டு எண்ணையே அட்டை எண்ணாகக் கொடுங்கள். பெயர் இருக்கவேண்டிய இடத்திலும் எண்ணையே எழுதலாம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. பிள்ளைகளின் முழுப்பெயர், பிறந்த தேதி, எமிஸ் எண் இவற்றை வெளிச் செயலிகளில் ஏற்றாமலிருப்பது நல்லது. 40 அட்டைத் தொகுப்பில் ஓர் ஏ4 தாளுக்கு இரண்டு அட்டை வரும். 38 பேருக்கு 19 தாள். ஏழாம் வகுப்புக்கு அடித்த அட்டைகளையே எட்டாம் வகுப்புக்கும் கொடுக்கலாம், இன்னொரு செட் வேண்டாம்.

லேமினேஷன் போட்டால் நீண்ட நாள் உழைக்கும் என்று பலரும் பளபளக்கும் உறையில் போட்டுவிடுகிறார்கள். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தால் கறுப்புக் கட்டம் கேமராவுக்கு வெள்ளையாகத் தெரியும். தாளைத் தடித்த சார்ட் அட்டையில் ஒட்டினாலே போதும். லேமினேஷன் வேண்டுமென்றால் மேட் உறை கேளுங்கள். அதன்பிறகும் சில எண்கள் பதிவாகவில்லையா? விரல் கறுப்பை மறைக்கிறதா, அட்டை வளைந்திருக்கிறதா, பிள்ளைகளுக்குப் பின்னால் திறந்த ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். போனை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெதுவாக நகர்த்துங்கள். வேகமாக வீசினால் படம் கலங்கும். கேள்வி எழுத்துகளும் விடைகளும் மட்டுமே போய் வருவதால் ஒரு கோடு டவரிலும் பெரும்பாலும் சமாளிக்கும். அறைக்குள் சுத்தமாக இல்லை என்றால் வாசலோரம் நின்று ஸ்கேன் செய்யுங்கள். இலவசக் கணக்கில் ஒரு தொகுப்புக்கு ஐந்து கேள்வி வரைதான். ஒரு பாடவேளைக்கு அதற்கு மேல் கேட்கவும் கூடாது.

அட்டையைவிடக் கேள்விதான் முக்கியம். தவறான விடைகளைச் சும்மா போடாதீர்கள். ஒவ்வொரு தவறும் ஒரு குறிப்பிட்ட குழப்பத்தைக் காட்டட்டும். 1/2 + 1/3 எவ்வளவு? 5/6 சரி. 2/5 என்று பிடிப்பவர் மேலெண்ணையும் கீழெண்ணையும் தனித்தனியே கூட்டிவிட்டார். 1/6 என்பவர் பெருக்கிவிட்டார். 2/6 என்பவருக்குப் பொதுப் பகுதி தெரிந்திருக்கிறது, தொகுதியை மாற்ற மறந்துவிட்டார். மூன்று பேருக்கும் மூன்று வேறு மருந்து. கேள்வியைப் பாடம் முடிந்து மணி அடிக்கும்போது போடாமல் நடுவில் போட்டால்தான் திருத்த நேரம் இருக்கும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் பரப்பிய முறையில், சரியான விடை 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் வந்தால், விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு பேச விட்டு மறுபடி வாக்கெடுப்பார்கள். உங்கள் 38 பேரில் அது 12 முதல் 26 வரை. அதற்குக் குறைந்தால் மறுபடி நடத்துங்கள், கூடினால் மேலே போங்கள்.

அடுத்தது புரொஜக்டர். போனை நேரே மாட்டலாமே என்று டைப்-சி டு ஹெச்டிஎம்ஐ இணைப்பான் வாங்கிவிடாதீர்கள். அந்தத் துளை வழியே படத்தை வெளியே அனுப்பும் வசதி விலை குறைந்த போன்கள் பெரும்பாலானவற்றில் கிடையாது. சார்ஜும் ஃபைலும் மட்டுமே போகும். உங்களிடம் லேப்டாப் இருப்பதால் எஸ்சிஆர்சிபிஒய் என்ற இலவச மென்பொருள் போதும். போனின் செட்டிங்ஸில் ‘பில்டு நம்பர்’ மேல் ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளால் லேப்டாப்பில் இணைத்தால் போன் திரை அப்படியே லேப்டாப்பில் வரும். வரவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். மலிவான சார்ஜர் கேபிள்களில் கரன்ட் கம்பி மட்டும் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. வேலை முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள்.

புரொஜக்டரில் விஜிஏ துளை மட்டும் இருந்தால் அதன் வழியே ஒலி போகாது. லேப்டாப்பில் தனி ஸ்பீக்கர் மாட்ட வேண்டும். பென் டிரைவிலிருந்து நேரே ஓட்டுவதாக இருந்தால் மூன்று விஷயம் கவனியுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கட்டும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது. ஒலி மட்டும் கேட்டுப் படம் வராவிட்டால் அந்த வீடியோ பெரும்பாலும் ஹெச்.265 வகை, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஹெச்.264 எம்பி4 ஆக மாற்றுங்கள். ஃபைல் பெயரைத் தமிழில் வைத்தால் பழைய புரொஜக்டர்கள் கட்டம் கட்டமாகக் காட்டும். ‘07-03-1’ என்று வகுப்பு, பாடம், வரிசை எண்ணாக வையுங்கள். பல்பு வகைப் புரொஜக்டர் என்றால், அணைத்த பிறகு ஃபேன் தானாக நிற்கும் வரை ஸ்விட்சை நிறுத்தாதீர்கள். நம்மூர் மே மாத வெயிலில் சூடு தணியாமல் நின்றால் பல்பு சீக்கிரம் போகும்.

என்ன ஓட்டுவது? அறிவியலுக்கு ஃபெட். அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. மின்சுற்று, அமில காரத் தன்மை, விசை, பின்னம் என்று திரையிலேயே செய்துபார்க்கும் மாதிரிகள். சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. இறக்கினால் ஒரே ஹெச்டிஎம்எல் ஃபைலாக வரும், குரோமில் திறந்தால் நெட் இல்லாமலே இயங்கும். மின்சுற்று மாதிரியில் பல்பு இல்லாமல் கம்பியை மட்டும் பேட்டரியின் இரு முனைக்கும் மாட்டிக் காட்டுங்கள், தீப்பிடிக்கும். குறுக்குச்சுற்றை இதைவிடப் பாதுகாப்பாகக் காட்ட வழியில்லை. ஆனாலும் அதே நாளில் நிஜ பேட்டரியும் பல்பும் பிள்ளைகள் கைக்குப் போகட்டும். திரை அதற்கு மாற்றில்லை.

பாடநூலின் கியூஆர் குறிகளுக்கு அரசின் தீக்‌ஷா செயலி. வாரியம், மொழி, வகுப்பைத் தேர்ந்து, குறியை ஸ்கேன் செய்யலாம். அச்சு மங்கியிருந்தால் அதன் கீழே உள்ள ஆறு எழுத்துக் குறியீட்டைத் தட்டச்சு செய்யலாம். இறக்கியவை நெட் இல்லாமல் ஓடும். யூடியூப் இணைப்பாக வைக்கப்பட்ட காணொளிகள் மட்டும் ஓடாது; ஏரோபிளேன் மோடு சோதனையில் அது தெரிந்துவிடும்.

கணக்கில் பரப்பளவு நடத்தும்போது கூகுள் எர்த் புரோவை லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள், இலவசம்தான். வேலூர்க் கோட்டையைத் தேடி, அளவுகோல் கருவியில் பல்கோணத்தைத் தேர்ந்து, கோட்டையின் விளிம்பைச் சுற்றிப் புள்ளி வைத்தால் பரப்பு ஏக்கரில் வரும். கோட்டை 133 ஏக்கர் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஏறத்தாழ 54 ஹெக்டேர். அகழியைச் சேர்த்தால் எவ்வளவு, விட்டால் எவ்வளவு என்று பிள்ளைகளே வாதாடட்டும். இதற்கு நெட் வேண்டும் என்பதால் வீட்டில் அளந்து, படமாகச் சேமித்து எடுத்துவாருங்கள்.

வாசிப்புக்கு பிரதம் புக்ஸின் கதைத் தளமான ஸ்டோரிவீவர். கதைகளை பிடிஎஃப்பாக இறக்கி அச்சடித்துக் கொடுக்க உரிமம் அனுமதிக்கிறது. தமிழோடு தெலுங்கிலும் உருதுவிலும் கதைகள் இருப்பதால் குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கத்து ஆசிரியர்களுக்கும் உதவும். பிள்ளைகள் தேடிப் படிக்கத் தமிழ் விக்கிப்பீடியாவை நெட் இல்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருள் வழியாக லேப்டாப்பில் முழுதாக இறக்கி வைக்கலாம்.

எட்டாம் வகுப்புக்கு என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பீர்கள். தாளுக்கு 90 கேள்வி, 90 நிமிடம். 38 பேருக்குக் கையால் திருத்தினால் ஒரு ஞாயிறு போய்விடும். விடைத்தாள் திருத்தும் ஜிப்கிரேடு செயலியின் 100 கேள்வி விடைத்தாளை அச்சடித்து, விடைக்குறிப்பைப் போனில் ஏற்றிவிட்டால் கேமராவே திருத்தும். ஸ்கேன் செய்ய நெட் வேண்டாம். மாதம் 100 தாள் வரை இலவசம், அதாவது ஒரு மாதத்தில் இரண்டு முறை. தாளின் ஓரத்தில் உள்ள கறுப்புச் சதுரங்களை வைத்துத்தான் செயலி தாளை அடையாளம் காணும். ஜெராக்ஸில் ஓரம் வெட்டுப்பட்டாலும் தாள் சாய்ந்து விழுந்தாலும் படிக்காது. ஆகவே ஒரு பிரதியை ஸ்கேன் செய்து பார்த்த பிறகு மற்றதை அடிக்கச் சொல்லுங்கள்.

வினாத்தாளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பிளிக்கர்ஸில் கேள்விகளை ஏற்றத் தொடங்கிய முதல் நாளே இது தலைகாட்டும். பழைய வினாத்தாள்கள் வானவில் எழுத்துருவில் இருக்கும். அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் புரியாத ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். மொத்த வினாத்தாளையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். மாற்றிக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரியாது. ஹெச்2எஸ்ஓ4 என்று வேதிவாய்பாடு எழுதிய இடமெல்லாம் சம்பந்தமில்லாத தமிழ் எழுத்தாக மாறியிருக்கும். தமிழ்ப் பத்திகளை மட்டும் வெட்டி மாற்றி, வாய்பாடுகளையும் அலகுகளையும் கையால் தட்டச்சு செய்து, மேற்கோள் குறிகளை ஒருமுறை பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.