சித்திரையில் இல்லாத நிழல் கார்த்திகையில் எப்படி வந்தது?

கேள்வி: சித்திரை மாதம் மொட்டை மாடியில் சோலார் போட்டோம். அன்று துளி நிழல் இல்லை. கார்த்திகையிலிருந்து, தெற்குப் பக்கத்து வீட்டு மாடிப்படி அறையின் நிழல் பேனலில் விழுகிறது, யூனிட் குறைகிறது. அவர்கள் புதிதாக எதுவும் கட்டவில்லை. “தை பிறந்தால் சரியாகிவிடும், அவசரமென்றால் இன்னும் இரண்டு பேனல் போடுங்கள்” என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?
– தாம்பரம் வாசகர்

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம்.

பூமி தன்னைத்தானே சுற்றுவதால் பகல், இரவு. காலை நிழல் மேற்கேயும் மாலை நிழல் கிழக்கேயும் விழுவது அதனால்தான். உங்கள் சிக்கல் வேறு. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுவதால், ஜூனில் நம் வடபாதி சூரியன் பக்கம் சாய்கிறது, டிசம்பரில் விலகுகிறது. தூரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சூரியனுக்கு நாம் மிக அருகே இருப்பதே ஜனவரி முதல் வாரத்தில்தான்.

ஏப்ரல் 24 வாக்கில் சென்னைப் பக்கம் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது வந்து “நிழலே இல்லை பாருங்கள்” என்று காட்டாத ஏஜென்டை நான் பார்த்ததில்லை. டிசம்பர் 21-இல் நண்பகல் சூரியனே தெற்கே 53 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். பேனலைவிட 10 அடி உயர்ந்த சுவர் வடக்கே ஏழரை அடிக்கு நிழல் தள்ளும். காலை 9 மணிக்கு அதே சுவரின் முனை நிழல் வடமேற்கே 16 அடி போகும்.

சரி, தை பிறந்தால்? சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-லேயே; பொங்கலன்று அல்ல. பொங்கலன்றும் அந்த ஏழரை அடி, ஏழு அடிக்குச் சற்றுக் குறைந்திருக்கும், அவ்வளவுதான். பிப்ரவரி 20 வாக்கில்தான் நாலரை அடி. அதற்குள் ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார்.

வடக்குப் பக்கம் கட்டடம் இருந்தால் என்ன என்று அடுத்துக் கேட்பார்கள். ஜூனில் சென்னைக்கு நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே போகும், உண்மைதான். ஆனால் 10 டிகிரிதான். 10 அடிச் சுவரின் நிழல் இரண்டு அடிகூட வராது. காலையிலும் மாலையிலும் வடகிழக்கு, வடமேற்கிலிருந்து வெயில் வரும்போது கொஞ்சம் நீளும், பெரிய நஷ்டமில்லை. பயப்பட வேண்டியது தெற்குச் சுவருக்குத்தான்.

கூடுதல் பேனலை அதே நிழலில் வைத்தால் பணம் தண்டம். ஒரு பேனலில் நிழல் விழுந்தால், அதோடு வரிசையாக இணைத்தவையும் சுணங்கலாம். ஸ்டாண்டை வடக்கே நகர்த்த முடியுமா என்று முதலில் பாருங்கள். இடமில்லையென்றால் பேனலுக்குத் தனித்தனியாக மைக்ரோ இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சின்னக் கருவி) கேளுங்கள்; ஒன்றின் நிழல் மற்றதை இழுக்காது. மழை மேகத்தாலும் யூனிட் குறையும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

இணைப்புக்கு எத்தனையோ தாள் கேட்கிறார்கள். நான் பார்த்தவற்றில், டிசம்பர் நிழலைப் பார்த்தாயா என்று ஒரு வரி இல்லை. ஆகவே நீங்களே கேளுங்கள்: டிசம்பர் 21 காலை 9, நண்பகல், மாலை 3 மணி நிழலை மாடிப் படத்தில் வரைந்து கையெழுத்துப் போட்டுத் தரட்டும். தராதவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.