ஒற்றை எம்.பி.யால் நிறவெறி அரசை என்ன செய்ய முடிந்தது?

தென்னாப்பிரிக்காவின் ஹெலன் சுஸ்மான் பற்றிப் படிக்கிறவர்களுக்கு வரும் சந்தேகம் இது. 'அப்பார்தைட்' என்பது, யார் எங்கே குடியிருக்கலாம், என்ன வேலை செய்யலாம் என்று தோலின் நிறம் பார்த்துச் சட்டமே பிரித்து வைத்த ஆட்சிமுறை. வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்த அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் 1961 முதல் 1974 வரை அவருடைய கட்சிக்கு அவர் ஒருவர்தான். 1963-ல் விசாரணையின்றி 90 நாள் அடைத்துவைக்கும் சட்டத்தை எதிர்த்து விழுந்த ஓட்டும் அவருடையது மட்டுமே. ஓட்டெடுப்பு என்றாலே தோல்விதான்.

அவர் கை ஓங்கியது கேள்வி நேரத்தில். பாஸ் புத்தகம் (கறுப்பின மக்கள் கையிலேயே வைத்திருக்க வேண்டிய அனுமதிப் புத்தகம்) இல்லையென்று எத்தனை பேரைப் பிடித்தீர்கள், எத்தனை குடும்பங்களை வெளியேற்றினீர்கள் என்று எண்ணிக்கை கேட்பார். அமைச்சர் பதில் சொன்னதும் அது சபைக் குறிப்பில் ஏறிவிடும். பத்திரிகைகளும் எடுத்துப் போடும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் எடைச்சீட்டு வாங்கி வைப்பது மாதிரி. விலை நம் கையில் இல்லைங்க. ஆனால் எத்தனை கிலோ போட்டோம் என்பதை அப்புறம் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

அப்பார்தைடை ஒழித்ததே அவர்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். 1989-ல் அவர் ஓய்வு பெற்றபோதும் குடியிருப்பைப் பிரிக்கும் சட்டம் அமலில்தான் இருந்தது, அந்த ஆட்சிமுறையை வீழ்த்தியதில் பெரும்பங்கு கறுப்பின மக்களின் நெடும்போராட்டத்துக்கே.