லோசாருக்குப் போகிறவருக்கு

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கும் திபெத்திய நண்பன், லோசார் எனும் திபெத்தியப் புத்தாண்டுக்கு, கர்நாடகத்தில் திபெத்தியர் குடியிருப்பான பைலகுப்பேயில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்திருக்கிறான். நாக்கை நீட்டித்தான் வணக்கம் சொல்ல வேண்டும் என்கிறது ஒரு வீடியோ. உண்மையா? வெண்ணெய்த் தேநீர் வேறு எனக்கு ஒத்துக்கொள்ளாது. மறுத்தால் வருத்தப்படுவார்களா?

– ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

நாக்கு உள்ளேயே இருக்கட்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் பௌத்தத்தை ஒடுக்கியதாகச் சொல்லப்படும் மன்னன் லாங்தர்மாவுக்குக் கறுப்பு நாக்காம். ‘நான் அவன் மறுபிறவி இல்லை’ என்று காட்டப் பிறந்த வழக்கம் என்பது கதை. பழைய திபெத்தில் அது பணிவு. நீங்கள் செய்தால் வீடே சிரிக்கும். கைகூப்பி ‘தாஷி தெலே’ என்றால் போதும்.

தேநீர்தான் சிக்கல். விருந்தாளி ஓரிரு முறை மறுப்பதும் வீட்டார் விடாமல் வற்புறுத்துவதும் அங்கே உபசாரத்தில் சேர்த்தி. ஆகவே நீங்கள் நிஜமாகவே வேண்டாம் என்றாலும் கூச்சப்படுகிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். தொல்லை தீரட்டும் என்று மடமடவெனக் குடித்துவிடாதீர்கள், உடனே நிரப்பிவிடுவார்கள். ஒரு வாய் பருகுங்கள், அவர்கள் நிரப்பியதும் அப்படியே வைத்துவிடுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். டீ என்று நினைக்காமல் உப்புப் போட்ட சூப் என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் இறங்கும்.

வறுத்த பார்லி மாவும் தானியமும் நிரப்பிய மரப்பெட்டியை நீட்டுவார்கள். அதன் பெயர் செமார். ஒரு சிட்டிகை எடுத்து மூன்று முறை மேலே தூவிவிட்டு, துளி வாயில் போட வேண்டும். பாட்டி இருந்தால் மரியாதைக்குக் கொடுக்கும் ‘கதா’ எனும் வெள்ளைத் துணியை இரு கைகளிலும் ஏந்தி, சற்றுக் குனிந்து கொடுங்கள்.

காலை நீட்டாதே, புத்தகத்தைத் தாண்டாதே என்பதையெல்லாம் நம்மவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேமராவைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பைலகுப்பேயில் இருக்கும் நம்ட்ரோலிங் மடாலயத்தின் பொற்கோயிலுக்கு நம்மூரிலிருந்தும் வேன் வேனாகப் போகிறோம். பிக்குகள் ஓதிக்கொண்டிருக்க, முகத்துக்கு நேரே செல்போனை நீட்டுகிறோம். நம் கருவறைக்குள் இதை யாராவது செய்தால் விடுவோமா? அங்கே வலமாகச் சுற்றுங்கள், பிரார்த்தனை உருளையையும் வலமாகவே உருட்டுங்கள், போனைப் பையில் போடுங்கள்.

லோசார் முதல் நாள் பெரும்பாலும் வீட்டாருக்கும் மடாலயத்துக்குமானது. இரண்டாம் நாள் வரலாமா என்று நண்பனிடமே கேட்டுவிடுங்கள். அங்கே தங்க நமக்குத் தனி அனுமதி தேவையில்லை. வெளிநாட்டு நண்பர் யாரையாவது கூட்டிப்போவதாக இருந்தால் அவருக்கு வேண்டும், அது கைக்கு வர நாளாகும்.