தம்பியைத் திருப்பூருக்கு அனுப்பிவிடலாமா?

கேள்வி:

அம்மா, வணக்கம். எனக்கு 23 வயது. ஜவுளிக் கடையில் வேலை செய்கிறேன். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அம்மா ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். தம்பிக்கு 16 முடிந்துவிட்டது. இந்த வருடம் பத்தாவதில் கணக்கும் அறிவியலும் போய்விட்டன. பகலெல்லாம் தூக்கம். சாயந்திரம் கிளம்பினால் ராத்திரி பதினொன்றுக்குத்தான் வருகிறான். ஏரியாவில் ஓர் ‘அண்ணன்’ பின்னால் சுற்றும் பசங்களில் இவனும் ஒருவன். போன மாதம் ஒரு பைக் காணோம் என்று இவர்களைக் கூப்பிட்டு ஸ்டேஷனில் உட்கார வைத்து, பிறகு அனுப்பினார்கள். உதட்டுக்குள் புகையிலை வைக்கிறான். வேறு பழக்கம் உண்டா என்று தெரியவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார் மாமா. கவுன்சலிங் போகலாம் என்றால் “நான் என்ன லூசா?” என்று கத்துகிறான். என்ன செய்வது?

– பெயர் வேண்டாம், வியாசர்பாடி

பதில்:

அன்பு மகளுக்கு,

திருப்பூர் வேண்டாம். மாமா டிக்கெட் எடுப்பதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன்.

அவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். அங்கே போய் நன்றாக இருக்கிற பையன்கள் எனக்கும் தெரிந்தவர்கள்தான். ஆனால் இந்த வயதில் பெரிய ஆட்களோடு ஒரே ரூமில் தங்கி, சனிக்கிழமை ஆனால் கையில் சம்பளம் வாங்கி, ‘எங்கே போனே?’ என்று கேட்க ஆளில்லாமல் இருப்பது உன் தம்பிக்கு இப்போது ஆகாது. 18 நிறையாதவனை வேலைக்கு வைக்கிறவர்கள் முதலில் அவன் வயதைக் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் சேர்த்துக்கொள்கிற இடம் வேறு எதைப் பற்றிக் கவலைப்படும்?

சரி, இங்கேயே என்ன செய்யலாம்? முதலில் அவன் படித்த பள்ளிக்குப் போ. ஜூலையில் துணைத் தேர்வு நடக்கும். போன இரண்டு பாடங்களை மட்டும் எழுதினால் போதும். விண்ணப்பிக்கும் தேதி தாண்டியிருந்தால் தட்கலில் கூடுதல் கட்டணம் கட்ட வாய்ப்பு உண்டா என்று கேள். ஆனால் அந்த ரிசல்ட் வரட்டும் என்று மட்டும் உட்கார்ந்துவிடாதே. அந்த இரண்டு மூன்று மாத இடைவெளியில்தான் பையன்கள் கை நழுவுகிறார்கள்.

பத்தாவது ஃபெயில் ஆனால் ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) கிடையாது என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 14 வயது நிறைந்திருந்தால் போதும். வயர்மேன், வெல்டர் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே தகுதி. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, ஷூ, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் தருகிறார்கள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவன் என்றால், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்குமா என்று சேரும்போதே விசாரி. உங்கள் வீட்டில் அந்தப் பணம் சின்ன விஷயம் இல்லை. ‘நானும் சம்பாதிக்கிறேன்’ என்று அவன் சொல்லிக்கொள்ள அதுவே ஒரு தொடக்கம்.

என்னைக் கேட்டால் வயர்மேன். வெல்டர் ஒரு வருடம், வயர்மேன் இரண்டு வருடம். எட்டாவது முடித்து இரண்டு வருட ஐடிஐயும் முடித்தவர்கள், பத்தாம் வகுப்புத் தமிழ், ஆங்கிலத் தாள்களில் தேறியிருந்தால் பத்தாவதுக்கு இணையான சான்று வாங்க வழி இருக்கிறது. உன் தம்பிக்கு அந்த இரண்டும் ஏற்கெனவே பாஸ். துணைத் தேர்வில் கணக்கு மறுபடி காலை வாரினாலும் கதவு மூடாது. வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் லோக்கல் டிரெயின் ஏறினால் பெரம்பூர், வில்லிவாக்கம் தாண்டி அம்பத்தூர். அங்கே அரசு ஐடிஐ இருக்கிறது. விண்ணப்பம் ஆன்லைன்தான், ஆனாலும் நேரில் போய் எந்தப் பிரிவில் இடம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு விண்ணப்பி. அவனையும் கூட்டிப்போ. வொர்க்‌ஷாப்பை ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும்.

சேர்ப்பது பெரிய விஷயமில்லை மகளே, நிலைக்க வைப்பதுதான் கஷ்டம். பெரம்பூரில் நான் மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு பையனை வயர்மேனில் சேர்த்துவிட்டோம். ஒன்பதாவது நாள் நின்றுவிட்டான். கேட்டால் கட்டைவிரலை நீட்டிக் காட்டினான், கத்தி பட்ட கீறல். “கம்பியைச் சீவு, முறுக்கு, காட்டு, பிரி, மறுபடி முறுக்கு. இதுக்கா ரெண்டு வருஷம், ஆன்ட்டி?” ஜாயின்ட் போடப் பழகுவது என்றால் அப்படித்தான், ஆரம்பத்தில் வேறு எதையும் தொட விட மாட்டார்கள். நான் போய் அவனுடைய வாத்தியாரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் உபதேசம் செய்யவில்லை. கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச், எங்கே தட்டினாலும் ஒரே பல்பு எரிய வேண்டும், அந்த மாடிப்படி வயரிங்கைப் பலகையில் போட்டுக் காட்டச் சொன்னார். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். எரிந்ததும் என்னை இழுத்துப்போய்க் காட்டினான். அப்புறமும் இரண்டு தடவை நின்றான், இரண்டு தடவையும் வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்தோம். ஐடிஐயில் 80 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. அதனால் முதல் இரண்டு மாதம் வாரம் ஒரு தடவையாவது உன் தம்பியின் வாத்தியாருக்கு நீ போன் போடு. அம்மாவால் முடிந்தால் ஒரு தடவை நேரில் போகட்டும்.

கவுன்சலிங் என்ற வார்த்தையை இனி வீட்டில் எடுக்காதே. 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள். முதலில் நீ பேசு, அவனைப் பற்றி இல்லை, உன்னைப் பற்றி. 17 வயதில் அப்பாவை இழந்து ஒரு குடும்பத்தைத் தூக்கிக்கொண்டவள் நீ. கடிதம் முழுக்க அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆறு வருடம் முன்பு அவனுக்குப் பத்து வயது, அதையும் யோசித்துப் பார்.

அவனுக்கு வேறு வழி பார்க்கலாம். புகையிலை வைக்கிற உதட்டுக்குள் எரிச்சலோ புண்ணோ இருக்கலாம். “பல் டாக்டரிடம் காட்டிட்டு வரலாம் வா” என்று பிராட்வே பக்கம் இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போ. பல்லைக் காட்டுவதில் மானக்கேடு இல்லை. வாய்க்குள் பார்த்த டாக்டரே பேச்சைத் தொடங்கட்டும். தேவைப்பட்டால் அங்கிருந்து ஸ்டான்லி மனநலப் பிரிவுக்குப் போகலாம். கீழ்ப்பாக்கம் என்றாலே சிரிக்கிற அளவுக்கு நம் சினிமா ஜோக்குகள் பழக்கிவைத்திருக்கின்றன, அவன் பயப்படுவதில் ஆச்சரியம் இல்லை.

ஸ்டேஷன் விஷயம். மறுபடி கூப்பிட்டால் அவனைத் தனியாக அனுப்பாதே. 18 வயதுக்கு உட்பட்டவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. அவனிடம் பேச வேண்டியவர் குழந்தைகள் நல காவல் அலுவலர். பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வீட்டுக்கும் தகவல் சொல்ல வேண்டும். சண்டை போடாமல், அவன் பிறந்த தேதி இருக்கிற சான்றிதழ் ஜெராக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கேள். இலவச சட்ட உதவிக்கு 15100. அவன் வயதுப் பிள்ளைகளுக்கு 1098 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

அந்த ‘அண்ணன்’ பற்றி ஒரு வார்த்தை. அவரைத் திட்டாதே, திட்டினால் இவன் இன்னும் ஒட்டிக்கொள்வான். அங்கே பிரியாணி கிடைக்கிறது, பெட்ரோல் கிடைக்கிறது, எல்லாவற்றுக்கும் மேல் இவனைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிறது. நீங்களோ ‘ஃபெயில் ஆனவன்’ என்கிறீர்கள். உங்கள் ஏரியாவுக்குக் குட்டி பிரேசில் என்று பேர், ஃபுட்பாலுக்குப் பசங்களைச் சேர்க்கிற ஆட்கள் கல்யாணபுரம் பக்கம் இருக்கிறார்கள். பந்து பிடிக்காவிட்டால் காவல்துறை நடத்தும் சிறுவர் மன்றத்தில் கேரம் ஆடலாம். ஸ்டேஷன் ஞாபகத்தில் அங்கே போக மறுத்தால் கட்டாயப்படுத்தாதே. சாயந்திரம் ஆறிலிருந்து ஒன்பது வரை அவன் எங்காவது ஓர் இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளிக்குப் போகும்போது டி.சி.யையும் வாங்கிவிடு, ஐடிஐக்கு வேண்டும். சாதிச் சான்றிதழ், ஆதார், எட்டாவது தேர்ச்சிச் சான்று, எல்லாம் இரண்டிரண்டு ஜெராக்ஸ். மாமாவிடம் நான் சொன்னேன் என்று சொல். திருப்பூருக்கு எடுக்கிற டிக்கெட் காசில் அவனுக்கு ஒரு நல்ல டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் வாங்கித் தரட்டும்.