பிரோவோவில் கொரிய மொழி: இரண்டாம் வாரத் தடுமாற்றம்

தம்பி, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பிரோவோவில், மார்மன் சபையின் மிஷனரிப் பயிற்சி மையத்தில் பாடம் சொல்ல உட்கார்ந்ததுமே மனப்பாடம் செய்த கொரிய வாக்கியங்கள் மறந்துபோகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதே கதிதான். ஒருமுறை ‘கம்சாஹம்னிதா’ என்று நன்றி மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

உருப்போடுவதை நிறுத்துங்கள். ஆங்கிலத்தில் யோசிக்காமல் தமிழிலிருந்து போங்கள். ‘பாபுல் மொகொயோ’ என்றால் சோற்றைச் சாப்பிடுகிறேன். பாப் என்பது சோறு, உல் நம்முடைய ‘ஐ’ உருபு, வினை கடைசியில். அமெரிக்கப் பையன்களுக்கு இந்த வசதி ஏது! உணவுக்கூட வரிசையில் தட்டில் விழுவதையெல்லாம் உங்களுடன் ஜோடி சேர்த்துவிட்ட துணை மிஷனரியிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள்; எப்படியும் அவர் உங்களை விட்டு நகரப்போவதில்லை. சொந்த வேலைகளுக்கென்று விடும் வாராந்தர ஆயத்த நாளில் துணி துவைக்கும் நேரமும் இதற்குத் தோதானது. மரியாதை விகுதிகளை மட்டும் ஆசிரியரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.