இடது கைக்கு எதிரே இடது கை: பேஸ்பால் பேட்டர்கள் பற்றிய கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன. யாருக்கு எதிராக, எந்த நேரத்தில், எந்த பேட்டர் அடிப்பார்? பேஸ்பாலில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட்டில் இடது கை பேட்டருக்கு ஆஃப் ஸ்பின்னரைக் கொண்டுவருகிறார்கள். பேஸ்பாலில் இடது கை பேட்டருக்கு இடது கை பிட்சரையே (பந்து எறிபவரையே) தேடுகிறார்களே, ஏன்?

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பந்து பேட்டரை விட்டு விலகிப் போக வேண்டும். ஆஃப் ஸ்பின் இடது கை பேட்டரை விட்டு வெளியே திரும்புகிறது. பேஸ்பாலில் அந்த வேலையை இடது கை பிட்சரின் ஸ்லைடர் செய்கிறது. நடுவில் வருவது போலத் தோன்றி, கடைசி சில அடிகளில் பேட்டின் நுனிக்கு அப்பால் வழுக்கிப் போய்விடும்.

பந்து புறப்படும் இடமும் முக்கியம். பிட்சரும் பேட்டரும் ஒரே கைப் பழக்கம் உள்ளவர்களாக இருந்தால், பந்து தன் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவது போல பேட்டருக்குத் தோன்றும். அதைச் சரியாகப் பார்க்கக் கிடைக்கும் நேரம் குறைகிறது. உடம்பில் பட்டுவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. ராண்டி ஜான்சன் போன்ற ஆறடி பத்து அங்குல இடது கைக்காரர் கையைப் பக்கவாட்டில் வீசி எறிந்தால் கேட்கவே வேண்டாம். 1997இல் கிளீவ்லாந்தில் நடந்த ஆல் ஸ்டார் ஆட்டத்தில் (நட்சத்திரங்கள் மோதும் காட்சி ஆட்டம்) அவர் எறிந்த ஒரு பந்து லாரி வாக்கரின் தலைக்கு மேலே பறந்தது. வாக்கர் அந்த ஆண்டின் மிகச் சிறந்த இடது கை பேட்டர்களில் ஒருவர். அவர் ஹெல்மெட்டைப் பின்புறமாகத் திருப்பி மாட்டிக்கொண்டு, வலது கை பேட்டர் நிற்கும் பக்கத்துக்குப் போய் நின்றார். அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் இருந்த உண்மை எல்லா இடது கை பேட்டர்களுக்கும் தெரிந்த ஒன்று.

இந்த ஏற்றத்தாழ்வு இடது கை பேட்டர்களுக்குத்தான் அதிகம். லீக்கில் பெரும்பான்மை வலது கை பிட்சர்கள். வலது கை பேட்டர் சிறுவயது முதலே தன் கைக்காரர்களைச் சந்தித்துப் பழகிவிடுகிறார். இடது கை பேட்டருக்கு அந்தப் பழக்கம் கிடைப்பதில்லை.

இதைப் பயன்படுத்தி ஒரே இடத்துக்கு இரண்டு ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்வது பழைய வழக்கம். 1949 முதல் 1953 வரை நியூயார்க் யாங்கீஸ் அணி தொடர்ந்து ஐந்து முறை உலகத் தொடரை வென்றபோது, மேனேஜர் கேஸி ஸ்டெங்கல் இதை இடைவிடாமல் செய்தார். எனக்கு அதைவிடப் பிடித்த உதாரணம் பால்டிமோர் மேனேஜர் எர்ல் வீவர். இடது கைக்காரர் ஜான் லோவென்ஸ்டீன், வலது கைக்காரர் கேரி ரோனிக்கி என்று இருவரைப் பிட்சருக்கு ஏற்ப மாற்றி மாற்றி இறக்கினார். 1982இல் ஒருவர் 24, மற்றவர் 21 ஹோம் ரன்கள் (கிரிக்கெட் சிக்ஸர் போல வேலியைத் தாண்டும் அடி) அடித்தார்கள். தனித்தனியே இருவரும் நட்சத்திரங்கள் அல்ல. சேர்த்துப் பார்த்தால் 45 ஹோம் ரன் அடித்த ஒரு பெரிய ஆட்டக்காரர் அந்த அணியில் இருந்தார்!

ஒரே ஒரு இடது கை பேட்டரை வெளியேற்றவே இடது கை பிட்சர்களை அழைத்துவந்த காலமும் உண்டு. 2020இல் வந்த விதி அதைக் கட்டுப்படுத்திவிட்டது. உள்ளே வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்திக்க வேண்டும், அல்லது இன்னிங்ஸை முடிக்க வேண்டும்.

அப்படியானால் 2024 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் யாங்கீஸ் செய்தது சரிதானே? டாட்ஜர்ஸ் பேட்டர் ஃப்ரெடி ஃப்ரீமன் இடது கை, யாங்கீஸ் பிட்சர் நெஸ்டர் கோர்டெஸும் இடது கை.

கணக்குப்படி சரி. ஆனால் நான் அதைச் செய்திருக்க மாட்டேன்.

நிலைமையை நினைவுபடுத்திக்கொள்வோம். பத்தாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் ஒரு ரன் முன்னிலை. கோர்டெஸ் உள்ளே வந்து முதல் பந்திலேயே ஓட்டானியை வெளியேற்றினார். பந்தைப் பிடித்த வெர்டூகோ பார்வையாளர் பகுதிக்குள் விழுந்ததால் ஏற்கெனவே பேஸ்களில் (ஓடி எட்ட வேண்டிய இடங்களில்) நின்ற டாட்ஜர்ஸ் ஓட்டக்காரர்கள் இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு முன்னேறினார்கள். முதல் பேஸ் காலி. யாங்கீஸ் மேனேஜர் ஆரோன் பூன், வலது கை பேட்டர் மூக்கி பெட்ஸை வேண்டுமென்றே நடக்கவிட்டு (அடிக்க வாய்ப்பு தராமல் முதல் பேஸுக்கு அனுப்பி), இடது கைக்காரர் ஃப்ரீமனை எதிர்கொள்ளத் தீர்மானித்தார். முதல் பந்து, உட்புறமாக ஒரு ஃபாஸ்ட்பால். அது வலது புற இருக்கைகளில் போய் விழுந்தது. உலகத் தொடர் வரலாற்றில் ஆட்டத்தை முடித்துவைத்த முதல் கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸ்களிலும் ஆள் நிற்கும்போது அடிக்கும் ஹோம் ரன்) அதுதான்.

என் குறை, பெட்ஸை நடக்கவிட்டதைப் பற்றியது அல்ல. கோர்டெஸ் செப்டம்பர் 18க்குப் பிறகு எந்த ஆட்டத்திலும் எறியவில்லை. கை காயத்திலிருந்து திரும்பி 37 நாட்களுக்குப் பின் வந்து நிற்கிறார். டிம் ஹில் என்ற இன்னொரு இடது கை பிட்சரும் தயாராக இருந்தார். எந்தக் கை என்பதோடு பார்வை நின்றுவிட்டது. அந்தக் கை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பார்த்திருக்க வேண்டும்.

தொலைக்காட்சியில் "இந்த பிட்சருக்கு எதிராக இவர் 12 முயற்சியில் 6 ஹிட்" என்று காட்டுகிறார்கள். அதை நம்பலாமா?

நம்பாதீர்கள். இதை நான் உரக்கவே சொல்வேன். ஒளிபரப்பில் காட்டப்படும் எண்களிலேயே அதிகம் ஏமாற்றுவது இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.300 சராசரி, அதாவது பத்து முயற்சியில் மூன்று ஹிட் (பேஸை எட்டவைக்கும் அடி) கொண்ட நல்ல பேட்டர் ஒருவர் 20 முறை முயல்கிறார். 6 ஹிட் வர வேண்டும். ஆனால் திறமையில் எந்த மாற்றமும் இல்லாமலே 4 ஹிட்டும் வரலாம், 8 ஹிட்டும் வரலாம். இரண்டுமே வெகு சாதாரணம். முதலாவதைப் பார்த்தால் 0.200, "இவரால் இந்த பிட்சரைத் தொட முடியாது" என்பார்கள். இரண்டாவதைப் பார்த்தால் 0.400, "இந்த பிட்சர் இவருக்கு அடிமை" என்பார்கள். வித்தியாசம் நான்கே நான்கு பந்துகள். ஒன்று ஃபீல்டரின் கையுறை நுனியில் பட்டு நழுவியிருக்கும். ஒன்று நேராகக் கைக்குள் போயிருக்கும். அந்த 12 முயற்சிகள் ஐந்தாறு ஆண்டுகளில் சிதறிக் கிடந்தவை என்பதையும் மறக்க வேண்டாம். அன்றைய பிட்சரும் இன்றைய பிட்சரும் ஒரே ஆளா?

எண்ணிக்கை பெரிதாகும்போது மட்டும் நான் கொஞ்சம் தலையாட்டுவேன். பேட்டர் டோனி க்வின், பிட்சர் கிரெக் மேடக்ஸை 107 முறை சந்தித்தார். நான்கு பால், தியாக அடி போன்று சராசரியில் சேராதவை நீங்கலாக 94 முயற்சியில் 39 ஹிட், சராசரி 0.415. அந்த 107 முறையில் ஒரு தடவைகூட ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக், அதாவது அடிக்கத் தவறிய அல்லது சரியான இடத்தில் வந்தும் விட்ட பந்துகள், சேர்ந்து வெளியேறுவது) ஆகவில்லை. மேடக்ஸ் 355 ஆட்டங்களை வென்ற மேதை. இங்கே அந்தச் சராசரியைவிட அந்தப் பூஜ்யம்தான் என்னை நம்பவைக்கிறது. சராசரியில் அதிர்ஷ்டம் ஒளிந்திருக்கலாம். 107 முறை பந்தைத் தவறவிட்டு வெளியேறாமல் இருப்பதில் அதற்கு இடம் குறைவு. மேடக்ஸின் பலமே பேட்டின் நடுப்பகுதியைத் தவிர்ப்பது; க்வின்னோ பந்து எங்கே வந்தாலும் அங்கே பேட்டைக் கொண்டுபோகத் தெரிந்தவர்.

ஆகவே பழைய முடிவுகளை விட்டுவிட்டு, பிட்சர் எந்தப் பந்தை அதிகம் எறிகிறார், பேட்டர் அந்தப் பந்தை எப்படி அடிக்கிறார் என்று பாருங்கள். 1988 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் அதைத்தான் செய்தது. இடது கை பேட்டர்களுக்கு எதிராக மூன்று பால் (சரியான இடத்துக்கு வெளியே வந்து பேட்டர் விட்ட பந்து), இரண்டு ஸ்ட்ரைக் ஆனால் எதிரணி பிட்சர் டென்னிஸ் எக்கர்ஸ்லி வெளிப்புற ஸ்லைடர் எறிவார் என்று, எதிரணிகளை ஆராயும் ஸ்கவுட்டான மெல் டிடியர் சொல்லி வைத்திருந்தார். இரண்டு கால்களிலும் காயத்தோடு பிஞ்ச் ஹிட்டராக (மாற்று பேட்டராக) நொண்டி வந்த கர்க் கிப்சன், அதே எண்ணிக்கை வந்ததும் பேட்டர் நிற்கும் கட்டத்திலிருந்து ஒரு கணம் விலகி அதை நினைத்துப் பார்த்தார். அந்த ஸ்லைடரே வந்தது. ஹோம் ரன், 5-4 வெற்றி.

நெருக்கடியில் மட்டும் சிறப்பாக ஆடுகிறவர்கள் உண்டா? டெரெக் ஜீட்டரை அப்படித்தானே சொல்கிறார்கள்?

ஜீட்டரின் வழக்கமான சீசன் சராசரி 0.310. அக்டோபரில் நடக்கும் பிளே ஆஃப் (பட்டத்துக்கான ஆட்டங்கள்) சராசரி 0.308. டேவிட் ஓர்டிஸுக்கு 0.286, 0.289. நெருக்கடி நாயகர்கள் என்று பெயர் பெற்ற இருவரும் அக்டோபரில் வேறு மனிதர்களாக மாறவில்லை; எப்போதும் இருந்தபடியே இருந்தார்கள்.

இதைச் சொன்னால் ரசிகர்கள் என்மேல் கோபப்படுகிறார்கள். ஆனால் நான் அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அக்டோபரில் பலவீனமான அணிகள் இல்லை; எதிரே நிற்பவர்கள் எல்லாம் தேர்ந்தெடுத்த பிட்சர்கள். அங்கே தன் சராசரி இறங்காமல் காப்பது எவ்வளவு பெரிய காரியம்!

சிலருடைய எண்கள் மட்டும் என்னைத் தடுமாற வைக்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பாட் டாப்ளர் என்ற ஓர் ஆட்டக்காரர் 80களில் இருந்தார். வாழ்நாள் சராசரி 0.282. மூன்று பேஸ்களிலும் ஆள் நிற்கும்போது மட்டும் 88 முயற்சியில் 43 ஹிட், 0.489. அந்த நிலைமை எல்லா பேட்டர்களுக்கும் கொஞ்சம் உதவும். பிட்சர் நான்கு பால் கொடுத்தால் ஒரு ரன் போய்விடும், அதனால் ஸ்ட்ரைக் எறிந்தாக வேண்டும். தான் வெளியேறி ரன் தரும் தியாக அடியும் சராசரியைக் குறைக்காது. ஆயிரக்கணக்கானோர் ஆடும் விளையாட்டில் யாராவது ஒருவருக்கு இப்படி அமையும் என்பதும் உண்மை. இவையெல்லாம் சேர்ந்தும் 0.489 என்பதை எனக்கு முழுமையாக விளக்கவில்லை. டாப்ளருக்குள் ஏதோ இருந்திருக்கலாம் என்ற இடத்தைக் காலியாகவே விட்டுவைத்திருக்கிறேன்.

ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது பேட்டர்கள் நன்றாக அடிக்கிறார்களாமே?

ஆம். பிட்சரின் களைப்பும் ஒரு காரணம். பேட்டர் அவருடைய பந்துகளை அதற்குள் பத்துப் பன்னிரண்டு பார்த்திருப்பது இன்னொன்று. ஆனால் இது சராசரிகளின் உண்மை. 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே 1-0 முன்னிலையில் இருந்தபோது, 73 பந்துகளே எறிந்திருந்த பிட்சர் பிளேக் ஸ்னெல்லை மேனேஜர் கெவின் கேஷ் இதே காரணத்துக்காக வெளியே எடுத்தார். அடுத்து வரவிருந்த டாட்ஜர்ஸ் பேட்டர்கள் பெட்ஸ், சீகர், டர்னர் மூவரும் அன்று அவரிடம் ஆறு முறை ஸ்ட்ரைக் அவுட் ஆகியிருந்தார்கள். மாற்றாக வந்த நிக் ஆண்டர்சன் அந்த மாதம் தொடர்ந்து ரன் கொடுத்துக்கொண்டிருந்தவர். பெட்ஸ் டபுள் (இரண்டாம் பேஸ்வரை போகவைக்கும் அடி) அடித்தார், ஆட்டம் திரும்பியது, டாட்ஜர்ஸ் அந்த ஆட்டத்தை 3-1 என்று வென்றதும் தொடரே முடிந்தது. ஸ்னெல் அசந்துபோயிருந்தால் கேஷ் செய்தது சரி. அவர் அசரவில்லை என்பதை டிவி பார்த்த எல்லோரும் கண்டோம்.

இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு நல்ல சராசரி எவ்வளவு?

பெரும்பாலானவர்களுக்கு 0.200ஐத் தொடுவதே கடினம். மீண்டும் க்வின்: 0.302.

கொலராடோ மைதானத்தில் ஆடுகிறவர்களின் எண்களைக் கழித்துத்தான் பார்க்க வேண்டுமா?

கழிக்கலாம், தூக்கி எறியக் கூடாது. அந்த மைதானம் இருக்கும் டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் அடித்த பந்து தூரம் போகிறது, எறிந்த பந்து வளைய மறுக்கிறது. பந்துகளை ஈரப்பதம் உள்ள அறையில் வைக்கும் ஏற்பாடு 2002இல் வந்த பிறகு கொஞ்சம் குறைந்தது. அங்கே ஆடும் பேட்டர் வெளியூர் போனால் பந்து திடீரென்று வளையத் தொடங்கும். அந்தத் தடுமாற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மேலே சொன்ன வாக்கர் கொலராடோவுக்காக 1997இல் அடித்த 49 ஹோம் ரன்களில் 29 வெளியூரில் அடித்தவை. ஆனாலும் அவர் பத்தாவது, கடைசி வாய்ப்பில்தான் 2020இல் சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் வாக்கெடுப்பில் நுழைந்தார். மைதானத்தைக் காட்டி ஒரு பெரிய பேட்டரை அத்தனை ஆண்டுகள் காக்கவைத்தது எனக்கு இன்னும் வருத்தம்.

நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். என் மகனுக்கு 11 வயது, இடது கை பேட்டர். எதிரணியில் இடது கை பிட்சர் வந்தால் பயிற்சியாளர் அவனை உட்கார வைக்கிறார். அவன் மனம் உடைந்துபோகிறான். என்ன செய்வது?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த வயதில் இது தவறு. மேஜர் லீக்கில் (அமெரிக்காவின் உச்ச நிலை லீக்) இடது கை பேட்டரை வீழ்த்துவது ஸ்லைடர். 11 வயதுப் பிள்ளைகளில் உண்மையான ஸ்லைடர் எறிகிறவர்கள் அரிது. இருப்பது அந்தக் கோணத்தைப் பற்றிய பழக்கக் குறைவு மட்டும்தான். உட்கார வைத்தால் அது வளரும். ஜப்பானிலிருந்து மேஜர் லீக்குக்கு வந்த இச்சிரோ இடது கை பேட்டர். வாழ்நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வலது கை பிட்சர்களைவிட இடது கை பிட்சர்களிடம்தான் அவருடைய சராசரி அதிகம்.

பயிற்சியாளரிடம் தனியாக, மரியாதையோடு பேசுங்கள். வெற்றி தோல்வி பெரிதாக இல்லாத ஆட்டங்களில் இரண்டு வாய்ப்பு கேளுங்கள். வீட்டில் நீங்களே இடது கையால் மென்மையான பந்தை எறிந்து கொடுங்கள். தாறுமாறாகப் போனாலும் பரவாயில்லை. முதல் வாரம் அவன் அடிக்கவே வேண்டாம். பேட்டைத் தோளில் வைத்தபடி, பந்து உங்கள் விரலை விட்டுப் புறப்படும் இடத்தை மட்டும் பார்த்து "ஸ்ட்ரைக்", "பால்" என்று சொல்லட்டும். முன் தோளைச் சீக்கிரம் திறந்து வெளியே விலகுகிறானா என்று கவனியுங்கள். இடது கை பேட்டர்களின் முதல் பிழை அதுதான். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். அவன் இடது கை பிட்சரிடம் அடித்த முதல் ஹிட் எந்தத் திசையில் போனது என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.