டிரெயின் கமிஷனர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மகன் டாலஸ் பக்கம் வீடு வாங்கிக் குடியிருக்கிறான். அவனால் எனக்கு அமெரிக்க அரசியல் பைத்தியம் பிடித்துவிட்டது. காலையில் காபியோடு உட்கார்ந்தால் யூடியூபில் இரண்டு மணி நேரம் அதுதான். மூன்று சந்தேகங்கள். ஒன்று, 2016இல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கியும் தோற்றார். இதையும் ஜனநாயகம் என்கிறார்களே, எப்படி? இரண்டு, டிரம்ப் மூன்றாம் முறை நிற்க முடியுமா? மூன்று, மகன் கிரீன் கார்டில் இருக்கிறான். “எனக்கு ஓட்டே இல்லை, எவன் வந்தா எனக்கென்ன” என்கிறான். அவன் சொல்வது சரிதானா?

ரா., கரூர்

அன்புள்ள ரா.,

போன வாரம் எங்கள் தெருவில் முழங்கால் அளவு மழைத் தண்ணீர். பன்னிரண்டு பேர் வாசலில் நின்று யாரிடம் சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தோம். ஆளுக்கொரு ஃபோன் கையில் இருக்கிறது, வார்டு கவுன்சிலர் பேர் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். அன்று ராத்திரி முழுக்க மிச்சிகனில் இருக்கும் என் அக்காவின் டிரெயின் கமிஷனர் ஞாபகமாகவே இருந்தது. மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. டிரெயின் என்றால் இங்கே ரயில் இல்லை, வடிகால். அந்தக் கமிஷனர் யார் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கேள்விகளை முடித்துவிடலாம்.

அமெரிக்க ஜனாதிபதியை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலங்கள் அனுப்பும் 538 தேர்வாளர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தக் குழுவுக்குத்தான் எலக்டோரல் காலேஜ் என்று பேர். பிரதிநிதிகள் சபைக்கு 435, செனட்டுக்கு 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 3, இதைக் கூட்டினால் 538. அதில் 270 வாங்கியவர் ஜெயித்தார். மெய்ன், நெப்ராஸ்கா என்ற இரண்டு மாநிலங்கள் தவிர மற்ற எல்லா இடத்திலும் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாநிலம் முழுசாகப் போய்விடும். 2000இல் ஃபுளோரிடாவை புஷ் 537 ஓட்டில் பிடித்தார், நாடே அவர் கைக்கு வந்தது. அல் கோர் ஐந்து லட்சத்துக்கு மேல் கூடுதல் ஓட்டோடு வீட்டுக்குப் போனார்.

இது ஏன் இப்படி? 1787 கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் கூடியவர்களுக்கு, நாடு முழுவதும் ஓட்டுப் போட்டு ஒருவரைத் தேர்வது நடக்கிற காரியமாகத் தோன்றவில்லை. சின்ன மாநிலங்களுக்குப் பெரிய மாநிலங்களைக் கண்டு பயம். அடிமைகளை வைத்திருந்த தென் மாநிலங்களுக்கு அதைவிட அசிங்கமான ஒரு கணக்கு இருந்தது. அடிமைக்கு ஓட்டு கிடையாது, ஆனால் பிரதிநிதிகள் சபை இடங்களைப் பங்கிடும்போது மட்டும் அவனை ஐந்தில் மூன்று ஆளாக எண்ணிக்கொள்ளலாம். நேரடித் தேர்தல் என்றால் அந்த லாபம் போய்விடும். அடிமைமுறை ஒழிந்தது, கணக்கு வேறு உருவத்தில் நிற்கிறது. இன்று வயோமிங்கில் சுமார் இரண்டு லட்சம் பேருக்கு ஒரு தேர்வாளர், கலிஃபோர்னியாவில் ஏழு லட்சம் பேருக்கு மேல். அநியாயம்தான். ஆனால் 1996இல் நம் மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் அதிக ஓட்டும் பாஜக அதிக இடங்களும் வாங்கினவே, அப்போது நீங்கள் யாருக்காவது கடிதம் எழுதினீர்களா?

இரண்டாவது கேள்விக்கு: முடியாது. 1951இல் நிறைவேறிய 22ஆம் திருத்தம் இரண்டு தடவைக்கு மேல் யாரையும் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்க விடாது. இதை வைத்து தினமும் அரைமணி நேரம் பேசுகிறவருக்கு விளம்பரக் காசு வருகிறது. உங்களுக்கு என்ன வருகிறது ரா.? ரத்தக் கொதிப்புதானே?

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஓய்வு பெற்ற பிறகு மகன் இருக்கும் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பது பாசம்தான், அது புரிகிறது. ஆனால் நீங்கள் பார்ப்பது மகன் இருக்கும் ஊரை அல்ல. அவனுக்கு ஆயிரத்து இருநூறு மைல் தள்ளி இருக்கும் ஒரு வெள்ளை வீட்டை. கோயிலுக்குப் போய்விட்டு கோபுரத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிற ஆள் மாதிரி.

2012 அக்டோபரில் நான் அக்கா வீட்டில் இருந்தேன். ஒபாமாவும் ராம்னியும் மோதிய தேர்தல். அக்கா அமெரிக்கக் குடிமகள், அறுபது தாண்டியவள். அந்த வயதுக்காரர்களுக்கு அப்போதே அங்கே தபால் ஓட்டு உண்டு. ஒரு நாள் பெரிய உறையில் ஓட்டுச்சீட்டு வந்தது. சீட்டு என்று சொல்வதே தப்பு. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் போடும் தலைவாழை இலையில் பாதி இருக்கும், இரண்டு பக்கமும் பொடி எழுத்து. சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, ஈரம் காயும்வரை பொறுத்து, மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, கறுப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள்.

ஜனாதிபதிக்கான நீள்வட்டத்தை நிரப்ப அவளுக்கு ஐந்து விநாடி. மீதிக்கு இரண்டு சாயங்காலம்.

செனட்டர், காங்கிரஸ் உறுப்பினர், மாநில சட்டமன்ற உறுப்பினர், இதெல்லாம் நமக்கும் பழக்கம்தான். அப்புறம் மாநிலக் கல்வி வாரியம். அப்புறம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு, எட்டாண்டுப் பதவி, அதற்கும் ஊர் மக்கள்தான் ஓட்டுப் போட வேண்டும். இன்னும் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் அப்படியே. நம் ஊரில் துணைவேந்தர் எப்படி வருகிறார் என்பதை நினைத்துச் சிரித்துவிட்டேன், அக்கா முறைத்தாள். அரசு வழக்கறிஞர், ஷெரிஃப், கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) கிளார்க், கவுன்டி பொருளாளர், மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள், டவுன்ஷிப் உறுப்பினர்கள், பள்ளி வாரியம். நடுவில் ஒரு வரி: டிரெயின் கமிஷனர்.

“சாக்கடைக்கு எலெக்‌ஷனா?” என்றேன்.

“சாக்கடைக்குத்தான்டா எலெக்‌ஷன் வேணும்” என்றாள்.

அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் சதுப்பு நிலம். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்த பிறகுதான் மனிதர்கள் விவசாயம் செய்து குடியேற முடிந்தது. அந்த வாய்க்கால்களைப் பார்த்துக்கொள்ளத்தான் இந்தப் பதவி. வாய்க்கால் வேலைக்கு ஆகும் செலவை அதனால் பயன்படும் நிலத்துக்காரர்கள் தலையில் வரியாகப் போட அவருக்கு அதிகாரம் உண்டு, லேசுப்பட்ட ஆள் இல்லை. அக்கா வீட்டுக்குப் பின்னால் அப்படி ஒரு வாய்க்கால். முந்தின வசந்தத்தில் மரம் சாய்ந்து அடைத்துக்கொண்டு தண்ணீர் புல்வெளிக்கு ஏறியிருக்கிறது. பக்கத்து வீட்டுக் கிழவி, எண்பது வயசு, ஃபோனில் தன் பேர், முகவரி எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியாக “நவம்பரில் தேர்தல் இருக்கிறதல்லவா?” என்று மட்டும் கேட்டாளாம். மூன்றாம் நாள் மரம் அறுக்கும் மிஷினோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள். அக்கா அந்தக் கிழவிக்கு ஃபோன் போட்டு, கமிஷனர் ஆள் எப்படி என்று இருபது நிமிடம் விசாரித்த பிறகுதான் அந்த வட்டத்தை நிரப்பினாள். ஒரே கட்சிக்கு மொத்தமாகப் போட சீட்டின் உச்சியில் ஒரே ஒரு வட்டம் இருந்தது. அதை நிரப்பிவிட்டால் கட்சி பார்த்துப் போடும் பதவிகள் எல்லாம் ஒரே அடியில் தீர்ந்தது. அவள் அதைத் தொடவில்லை.

அமெரிக்காவில் இப்படிச் சின்னதும் பெரியதுமாக உள்ளாட்சி அமைப்புகள் சுமார் 90 ஆயிரம். ஆனால் அவர்களுடைய அரசியல் சட்டத்தில் உள்ளாட்சி பற்றி ஒரு வரிகூட கிடையாது, அதெல்லாம் மாநிலங்களின் பாடு. அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. மாநிலம் கொடுத்ததை மாநிலம் பிடுங்கிக்கொள்ளலாம்.

அக்காவின் சீட்டில் கடைசிப் பகுதி மக்கள் வாக்கெடுப்பு. முதல் கேள்வி இதைப் பற்றித்தான். கடனில் மூழ்கும் ஊர்களுக்கு ஆளுநர் தரப்பில் ஒரு அவசரகால நிர்வாகியை அனுப்பலாம், அவர் வந்தால் மேயரும் நகரசபையும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று 2011இல் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். ஃபிளின்ட், பெண்டன் ஹார்பர் என்று கறுப்பின மக்கள் அதிகம் வாழும் ஊர்கள் வரிசையாக இந்த மாதிரி நிர்வாகிகளின் கீழ் போயின. சட்டம் வேண்டுமா, வேண்டாமா? அக்கா ‘வேண்டாம்’ வட்டத்தை மற்றவற்றைவிட அழுத்தி நிரப்பினாள். மாநிலத்தில் ஏறக்குறைய 53 சதவீதம் பேர் அப்படியே சொன்னார்கள். சட்டம் விழுந்தது.

விழுந்த சட்டத்தைத் தூசி தட்டி, கொஞ்சம் மாற்றி, அந்த ஆண்டு டிசம்பர் முடிவதற்குள் மறுபடி நிறைவேற்றிவிட்டார்கள். இந்தத் தடவை அதில் ஒரு நிதி ஒதுக்கீட்டையும் சேர்த்துவிட்டார்கள். நிதி ஒதுக்கும் சட்டத்தை மிச்சிகனில் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக முடியாது. அவ்வளவுதான் தந்திரம். எலக்டோரல் காலேஜைப் பற்றி ஆயிரம் வீடியோ பார்த்த நீங்கள் இதைக் கேள்விப்பட்டதுண்டா?

ஃபிளின்ட் அப்போது சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த ஊர். 2014 ஏப்ரலில் காசு மிச்சம் பிடிக்க டெட்ராய்ட் தண்ணீரை நிறுத்திவிட்டு ஊர் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். ஹியூரான் ஏரியிலிருந்து வரும் புதிய குழாய்த் திட்டத்தில் சேர நகரசபை வாக்களித்தது உண்மை. ஆனால் குழாய் வரும்வரை ஆற்றைக் குடிக்கட்டும் என்ற முடிவு நிர்வாகியின் ஆட்சியில் வந்தது. பொத்தானை அழுத்தி, தண்ணீர்க் குவளையை உயர்த்தி, விழாவாகவே கொண்டாடினார்கள். குழாயை அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்கள் கரைந்து குழந்தைகளின் ரத்தத்தில் ஏறின. அக்டோபரில் அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஆலை, உதிரி பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அந்தத் தண்ணீர் வேண்டாமென்று விலகிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரை மனிதர்கள் இன்னும் ஓராண்டு குடித்தார்கள். 2015 மார்ச்சில் டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்புவோம் என்று நகரசபை வாக்களித்தது. நிர்வாகி ஏற்கவில்லை. அவருக்கு அந்த ஊரில் எந்த நவம்பரும் கிடையாது. அக்டோபரில் ஒருவழியாகத் திரும்பினார்கள். அதற்குள் லீஜியனேர்ஸ் என்ற நுரையீரல் நோயில் மட்டும் குறைந்தது 12 பேர் போய்விட்டார்கள்.

ஃபிளின்ட்டில் ஒரு காசி விஸ்வநாதர் கோயில் இருக்கிறது, அக்கா மாதம் ஒருமுறை போவாள். அந்தக் குளிர்காலம் முழுக்க கார் டிக்கியில் தண்ணீர் பாட்டில் பெட்டிகளை அடுக்கி, போகிற வழியில் ஒரு சர்ச்சில் இறக்கிவிட்டுத்தான் சாமி கும்பிடப் போயிருக்கிறாள். ஃபோனில் அழுதாள். “நான் வேண்டாம்னுதானேடா போட்டேன், நீயும் பக்கத்துல உக்காந்து பாத்தியே” என்றாள்.

நம் கதைக்கு வருவோம். அவர்கள் அரசியல் சட்டத்தில் உள்ளாட்சி பற்றி ஒரு வரிகூட இல்லை என்றேன். நமக்கு 1992இலேயே திருத்தம் போட்டு எழுதி வைத்திருக்கிறது: ஐந்து வருடம்தான் பதவி, அது முடிவதற்குள் தேர்தலை முடிக்க வேண்டும். ஆனால் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை சென்னையில் ஒரு கவுன்சிலர் கிடையாது. உங்கள் கரூரிலும் கிடையாது. ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். நீங்கள் கவனித்தீர்களா? அந்த நாட்களில்தான் விஸ்கான்சினில் யார் முன்னிலை என்று விடிய விடிய விழித்திருந்தோம், நீங்களும் நானும். அந்த ஐந்து வருடத்தில் எங்கள் தெருவில் ஒருவர்கூட கவுன்சிலர் எங்கே என்று கேட்கவில்லை. இப்போது இருக்கிறார், பேர் தெரியவில்லை.

சரி, மகன் விஷயம். பாதி மறந்தே போனேன். அவர் சொல்வது தப்பு. கிரீன் கார்டுக்கு ஓட்டு இல்லை, உண்மை. ஆனால் டெக்சஸில் வீடு வாங்கியவர் கட்டும் சொத்து வரியில் பெரிய பங்கு பள்ளி மாவட்டத்துக்குத்தான், அதாவது அந்த வட்டாரப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்குத்தான், போகிறது. அந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று பெரும்பாலும் ஏழு பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்து, கதவைத் திறந்துவைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பேச விரும்புகிறவர் பேர் எழுதிக் கொடுத்தால் போதும், சில நிமிடம் கொடுப்பார்கள், குடியுரிமைப் பத்திரம் கேட்க மாட்டார்கள். தேதி பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் இருக்கும். கொஞ்சம் முன்னாலேயே போகச் சொல்லுங்கள், கூட்டம் தொடங்கிவிட்டால் பல இடங்களில் பேர் வாங்க மாட்டார்கள்.